மூன்று விரல் ஆட்டம்

மாங்குளத்தில் ஏ-ஒன்பதில் ஏறினதும்
வண்டி தன்பாட்டில் யோசிக்கத் தொடங்கும்.
நேரே போ என்று பிடித்தால்
கொஞ்சம் இடப்பக்கம் போய்ப் பார்க்கும்.
திருத்தினால், திருத்தம் சில்லுக்குப் போய்ச் சேரப் பிந்தும்,
சேர்ந்ததும் அளவுக்கு மிஞ்சும்.
ஸ்ரியரிங்கில் மூன்று விரல் அகலம்
எந்தச் சில்லுக்கும் சொந்தமில்லாத வெளி.

எதிரே யாழ்ப்பாண பஸ்.
அதுக்கு இதெல்லாம் விளங்காது.

பெட்டிதான் போயிட்டுது என்றான் ரயர்க்கடை நவரூபன்.
பெட்டிதான் என்றார்கள் பார்த்த எல்லாரும்,
கீழே குனியாமலே.
பெட்டியின் தலையிலிருந்த திருகை
கால் சுற்று இறுக்கித் தந்தான் ஒருவன்.
அதன்பிறகு வளைவில் திருப்பினால்
திருப்பினபடியே நின்றது,
வீட்டுக்குப் போக மனமில்லாத ஆள் மாதிரி.
திருகைப் பழைய இடத்துக்கே விட்டேன்.

இது கண்ணிவெடி அகற்றின நிறுவனத்தின் வண்டி.
ஏலத்தில் போனது. பின்சீற்றில்
ஒன்பது வருசம் நானும் இருந்து போயிருக்கிறேன்,
முழங்கால்களுக்கு நடுவில் தலைக்கவசம்.
அப்போது இது நேராகத்தான் போனது.
அல்லது ஓட்டினவர் சொல்லவில்லை.
எனக்கு முதல் வைத்திருந்த பொடியன்
ஸ்பிறிங் மாற்றி நாலு அங்குலம் தூக்கினான்.
மாரியில் பேராறு கடக்க என்றான்.
படம் எடுக்க என்று நான் நினைக்கிறேன்.

ஞாயிறு. ஒலுமடு. கடலை மூட்டை இறக்கியாயிற்று.
சில்லுகளுக்கு முன்னும் பின்னும் பாலைக்குற்றி.
துளசிகாவை ஏற்றி இருத்தினேன்.
எஞ்சின் ஓடட்டும், சில்லு நிலத்திலேயே நிற்கட்டும்.
ஜக் அடித்தால் பாரம் போய்விடும்,
பாரமில்லாத நேரம் எந்த மூட்டும்
நல்ல பிள்ளை.
"சின்னனா ஆட்டு, அங்காலை இஞ்சாலை.
நான் சொல்லும்வரை நிப்பாட்டாதே."

சாக்கை விரித்துக் கீழே போனேன்.
குப்புறப் படுத்துத்தான் எனக்குப் பழக்கம்.
மல்லாக்கப் படுக்க
ஆகாயம் இருக்கவேண்டிய இடத்தில் கிறீஸ்.

மூட்டு மூட்டாகக் கைவைத்தேன்.
பெருவிரல் ஒரு பக்கம், சுட்டுவிரல் மறுபக்கம்.
இரண்டும் ஒன்றாய் அசைந்தால் அடுத்தது.
ஒன்று முந்தி மற்றது பிந்தினால் அங்கேதான்.
பெட்டியிலிருந்து இறங்கும் கை: ஒன்றாய்.
இழுவைத் தண்டின் வலப்பந்து: ஒன்றாய்.
இடப்பந்தில் ஒரு முடி அளவு.
மனதில் குறித்துக்கொண்டேன், ஆனால் ஒரு முடியை வைத்து
மூன்று விரலுக்குக் கணக்கு முடிக்கேலாது.

அவசரப்படாதே என்று ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை.
ஒரு நாள் முழுக்க ஒரு பாய் அளவு நிலம்
பார்த்து முடித்த கைகள்.

பிறகு கண்டேன், மூட்டுகளில் இல்லை.
அக்சிலே போய் வந்தது.
ஸ்ரியரிங் திரும்ப, சில்லு திரும்புமுன்
உடம்பும் அக்சிலும் ஒன்றைவிட்டொன்று விலகி,
விலக இடம் முடிந்த பிறகுதான் சில்லு அசைந்தது.
இரண்டையும் சேர்த்துக் கட்டும் குறுக்குத் தண்டு,
அதன் மேல் முனையில் ஒரு போல்ற்.
சுற்றிவரச் சேறு காய்ந்திருக்க அது மட்டும்
தேய்த்துக் கழுவின கரண்டிபோல மினுங்கியது.
ஓட்டை வட்டமில்லை. முட்டை.
கீழே செங்கல்தூள் நிறத்தில் துரு வழிந்திருந்தது.

"நிப்பாட்டு" என்றேன்.
"நான் அப்பவே நிப்பாட்டிட்டன் அக்கா,
கை நோகுது."

தண்டில் வைத்திருந்த என் விரல்களுக்குக் கீழே
இன்னும் ஏதோ நடுங்கியது.
எஞ்சினாக இருக்கலாம். டீசல் நடுங்கும்.
நான் கையை எடுத்துப் பார்க்கவில்லை.

தடிப்பு வாஷர் ஒட்டி, புதிதாய்த் துளைத்து,
புது போல்ற் போட்டு, சாவியில் நானும் நவரூபனும்
தொங்கி இறுக்கினோம்.
பெட்டி என்று சொன்னதை அவன் மறந்துபோனான்.
மூன்று விரல் ஒரு விரலாயிற்று.

மிச்சம் அந்த நாலு அங்குலம்.
தூக்கினபோது முன் அக்சில் முகத்தைக் கவிழ்த்துவிட்டது.
சைக்கிளின் முன்கவர் செங்குத்தாய் நின்றால்
கைவிட்டு ஓடேலுமா? அதே கணக்கு.
சாய்வு இருந்தால்தான் சில்லு தானாக நடுவுக்கு வரும்.
துளை தள்ளி வைத்த புஷ் வவுனியாவில் இருக்கிறதாம்.
விலை கேட்டு, போனை வைத்துவிட்டேன்.
கடலைக் காசு வரட்டும்.

இப்போது ஐம்பதில் நேராய்ப் போகிறது.
அறுபதில் யோசிக்கிறது.
நான் ஐம்பத்தைந்தில் ஓட்டுகிறேன்,
பின்னால் ஹோர்ன் அடிப்பவருக்கு இடப்பக்கம் ஒதுங்கி.
ஒதுங்கினதை மீட்டெடுக்க
ஒரு விரல் செலவு.